பெருக்கல் போட்ட இடம்

ஊசிமலைத் தோட்டத்துக்குக் காகிதத்தில் வேறொரு பெயர் உண்டு. ஸ்கொட்லாந்தில் எங்கேயோ ஓடுகிற ஆற்றின் பெயராம் அது. சொல்வதற்கு முன்னும் பின்னும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். நோட்டன் பிரிட்ஜ் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோட்டத்துக்கு வந்த புதுத் துரை. மற்றவர் கண் ஆராய்ச்சிப் பணிப்பாளர். இரண்டு பேரையும் பஸ் கண்டக்டர் வேறு தோட்டத்துக்குத்தான் அனுப்பி வைத்தான்.

அந்த ஊசிமலையில், ஆறாம் நம்பர் மலையில், முதல் நிரை காளியாயியுடையது. கொழுந்தெடுக்கக் கங்காணி பிரித்துக் கொடுக்கிற தேயிலை வரிசைகளில் பாதையோரமாக இருப்பது முதல் நிரை. துரை வந்தால் அவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதனால் கைவேகமுள்ள கைகாரிக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். பதினெட்டு வருடமாக அது காளியாயியிடம் இருந்தது. அவள் கொழுந்தெடுக்கும் வேகத்தைக் கண்டு செடியே இன்னொரு கொழுந்தை அவசரமாக விட்டுவிடும் என்று பேச்சு. பேச்சுத்தான். ஆனால் பார்த்தவர்கள் மறுத்ததில்லை.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாசியில் காளியாயிக்குக் கை நீளம் போதாமல் போய்விட்டது. கொழுந்தைக் கிட்டத்தில் பிடித்தால் பாசி படர்ந்த மாதிரி இருந்தது. கையை நீட்டித் தூரத்தில் பிடித்தால் தெளிந்தது. இன்னும் நீட்டினால் இன்னும் தெளிந்தது. இன்னும் ஒரு முழம் கை இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. எதிர் மலையில் மேய்கிற மாட்டுக்கு எத்தனை கொம்பு என்று சொல்லிவிடுவாள். தன் உள்ளங்கையில் கிடப்பது கொழுந்தா, காம்பா என்று சொல்ல முடியவில்லை. கொழுந்தெடுப்பில் விரல் பாதி வேலையைத்தான் செய்யும். மிச்சப் பாதியைக் கண்தான் செய்ய வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விழவேண்டிய கூடையில் முற்றலும் காம்பும் விழுந்தன.

மாயாண்டிக் கங்காணி அவள் கூடையைச் சாக்கில் கவிழ்த்து, எல்லாரும் பார்க்கக் கிளறினார்.

"என்னா காளியாயி, கொழுந்து எடுத்தியா, வெறகு பொறுக்குனியா?"

"கண்ணு கொஞ்சம் மங்குதுங்க கங்காணி."

"கண்ணு மங்குனா நெரையும் மங்கும். இன்னும் ஒரு மாசம் பாப்பேன். அப்புறம் கெழவிங்க கூட்டத்தோட புல்லு புடுங்கப் போயிரு. மொத நெரைய பேச்சியம்மாவுக்குக் குடுத்துருவேன்."

பக்கத்தில் நின்ற பேச்சியம்மா தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் அவளுக்கு அடுத்த அறைக்காரி, தோழி. "எனக்கு வேண்டாங்க கங்காணி" என்றாள். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அந்த நிரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். தூரத்துப் பார்வைக்குக் குறைவில்லாத காளியாயி அதைக் கவனித்தாள்.

இப்படியிருக்கையில்தான் ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், கொழும்பிலிருந்து பார்வைக் குறைபாட்டு ஆராய்ச்சி நிலையத்தார் வரப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். குறை எப்படி உண்டாகி எப்படி வளர்கிறது என்று ஐந்து வருடம் ஆராய்வார்களாம். ஒவ்வொருவராகப் பெயர் எழுதிக் கண்ணைச் சோதிப்பார்களாம்.

பெயர் எழுதுவார்கள் என்றதும் முன்வரிசை பின்வரிசைக்கு நகர்ந்தது. பிரஜாவுரிமை மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் அது. யாராவது பேனாவோடு மலையேறினால் கோழிகள்கூட லயத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

"கண்ணு தெரியாதவங்களப் பொறுக்கியெடுத்து இந்தியாவுக்குக் கப்பலேத்தி மண்டபம் காம்புல தள்ளப் போறாங்களாம்" என்றாள் பேச்சியம்மா.

"யாரு சொன்னா?"

"யாருஞ் சொல்லல. அதான் சந்தேகமா இருக்கு. நல்லதுன்னா சொல்லியிருப்பாங்கள்ல?"

காளியாயியின் அண்ணன் சின்னத்தம்பி கம்பளி தருகிறார்கள் என்று ஒரு தாளில் கைநாட்டு வைத்தவன். தாளின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் அடையாளம் போட்டிருந்தது. அங்கேதான் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தான். கம்பளி வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவன் தலைமன்னாரில் இந்தியாவுக்குப் போகிற கப்பலில் இருந்தான். அது எந்தத் தாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எழுத்தறியாத காளியாயி உலகத்துக் காகிதங்களில் அறிந்தது அந்தப் பென்சில் பெருக்கல் ஒன்றைத்தான். அதைக் கண்டால் பெருவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள்.

ஆராய்ச்சி நிலையத்துக்கு முன்னால் அதன் அட்டை வந்து சேர்ந்தது. கதவளவு பெரிய வெள்ளை அட்டை. அதில் கறுப்பாக, மண் கிளறுகிற முள்ளைப் போல, மூன்று பல்லுள்ள படங்கள். சில மேலே பார்த்தன, சில கீழே, சில பக்கவாட்டில். வரவரச் சிறுத்துக்கொண்டே போயின. முள்ளின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. அட்டையோடு வந்த எழுதுவினைஞர் கணேசமூர்த்தி அதைப் பெரட்டுக்களத்துச் சுவரில் அறைந்து மாட்டினார்.

"சோதனைக்கு இன்னும் பத்து நாள் கிடக்கே?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

"சுற்றறிக்கை அப்படி. மலைக்குளிருக்கு அட்டை முதலில் பழக வேணும்."

அட்டை குளிருக்குப் பழகியது. தோட்டம் அட்டைக்குப் பழகியது. இரண்டாம் நாளே கொழுந்து மலையில் பெண்கள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள்.

"வானம் பாத்த முள்ளு ஒண்ணு, மண்ணு பாத்த முள்ளு ரெண்டு,
கங்காணி பக்கம் ஒரு முள்ளு, கடைப் பக்கம் ஒரு முள்ளு"

என்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மலையே திருப்பிப் பாடிற்று. பத்தாம் நாள் தொட்டில் பிள்ளைகள்கூட அந்தப் பாட்டு இல்லாமல் தூங்க மறுத்தன.

சோதனை அன்று நானூற்றுப் பதினொரு பேர் வரிசையாக வந்து, கையை மேலும் கீழுமாக வீசி, ஒரு பிழை இல்லாமல் காட்டிவிட்டுப் போனார்கள். சிவசாமித் தாத்தாவுக்கு இரண்டு கண்ணும் போய் ஒன்பது வருடம். அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அவசரத்தில் அட்டைக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டார்கள். அவர் கடைசி வரி வரைக்கும் காட்டியதோடு, பாட்டு முடிந்துவிட்டதே என்று முதல் வரியை இன்னொரு தடவையும் காட்டினார். கணேசமூர்த்தி 'மிக நன்று' என்று எழுதினார். திரும்பி நின்று காட்டினால் எழுதுவதற்குத் தனிக் கட்டம் இல்லை.

பணிப்பாளர் டாக்டர் கனகேந்திரன் பட்டியலைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளிறிப் போனார். நல்ல உயரம், சாம்பல் நிறக் கோட்டு, எதையும் கொஞ்சம் பின்வாங்கிப் பார்க்கிற மிடுக்கு.

"ஒருத்தருக்கும் குறை இல்லையோ? நிலையத்துக்கு இது பெரிய நட்டம். குறை இல்லாட்டி நாங்கள் எதை வளர விட்டுப் பார்க்கிறது?"

அப்போதுதான் வரிசையில் கடைசி ஆளாகக் காளியாயி வந்தாள். பாட்டே தேவையில்லாமல் அட்டை முழுவதும் அவளுக்குத் தெரிந்தது. உண்மையாகப் பார்த்துக் காட்டியவள் அன்றைக்கு அவள் ஒருத்திதான். காட்டி முடித்தும் அவள் நகரவில்லை. ஏற்கெனவே காட்டி முடித்து நின்ற பேச்சியம்மா பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். காளியாயிக்குக் கப்பல் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் கிழவிகள் கூட்டமும் புல்லும் தெரிந்தன. கங்காணியின் தவணையில் நாலு நாள்தான் மிச்சம் இருந்தது.

"தூரத்துல எல்லாந் தெரியுதுங்க. கிட்டத்துலதான் ஒண்ணுந் தெரியல."

"கிட்டத்துக்குக் கட்டம் இல்லை" என்றார் கணேசமூர்த்தி.

"கட்டம் இல்லாட்டி ஒண்டைக் கீறும்!" என்று துள்ளி எழுந்தார் பணிப்பாளர். "கிடைச்சிட்டுது! ஒரு குறை கிடைச்சிட்டுது!"

அவருடைய சந்தோஷத்தைப் பார்த்ததும் காளியாயிக்குச் சந்தேகம் இரட்டித்தது. தன் கண் கெட்டதற்கு இவ்வளவு மகிழ்கிற மனிதரை அவள் அதுவரை கண்டதில்லை. இருந்தாலும் கேட்டாள்.

"ஒரு கண்ணாடி குடுத்தீங்கன்னா போதுங்க ஐயா. மொத நெரை போயிரும் போல இருக்கு."

பணிப்பாளர் பொறுமையாகச் சிரித்தார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"பிள்ளை, நல்லா விளங்கிக்கொள்ள வேணும். நாங்கள் வைத்தியர் இல்லை. வைத்தியன் நோயைக் கண்ட உடனே மாத்திப்போடுவான். அதாலே அவனுக்கு நோயைப் பற்றி ஒண்டும் தெரியாது. நாங்கள் அப்பிடி அவசரப்படுற ஆக்கள் இல்லை. குறையைப் பக்கத்தில இருந்து பார்ப்பம். அது வளர வளரக் குறிப்பெடுப்பம். கண்ணாடி போட்டால் அது ஓடிப்போயிடும். பிறகு ஒரு ஜீப்பு, ஒரு எழுதுவினைஞர், ஐஞ்சு வருசத் திட்டம், இவ்வளவும் சேர்ந்து எதைப் பார்க்கிறது? உன்னுடைய நன்மையைப் பார்க்க ஏலுமோ, உன்னுடைய குறையைப் பார்க்க வேணுமோ? நீயே சொல்லு."

கணேசமூர்த்தி ஒரு படிவத்தை நீட்டினார். "இது ஏழாம் விதி. இதில் ஒப்பம் வைத்தவர் ஆய்வுக்குரியவர். அவருக்கு ஐந்து வருடம் கண்ணாடி கொடுக்கக் கூடாது. அவருடைய நிலைமை எதையும் மாற்றவும் கூடாது. இங்கே வை."

தாளின் அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல்.

"கை ஈரமா இருக்குங்க" என்றாள் காளியாயி.

அன்றைக்குக் கை ஈரம். அடுத்த மாதம் பெருவிரலில் முள். அதற்கடுத்த மாதம் விரலுக்கு மஞ்சள் பற்று. வைகாசியில் கோவிலுக்கு நேர்ந்து பெருவிரலைக் கட்டியிருப்பதாகச் சொன்னாள். எந்தச் சாமிக்குப் பெருவிரலை நேர்வார்கள் என்று படிவத்தில் கேள்வி இல்லாததால் கணேசமூர்த்தி கேட்கவில்லை. காளியாயியைத் 'தற்காலிக ஆய்வுக்குரியவர்' என்று பதிந்துகொண்டார்கள். படிவத்தில் பெருக்கல் அப்படியே காத்துக்கிடந்தது.

ஆராய்ச்சி தொடங்கியது. அவள் கருவில் இருந்தபோது அவளுடைய தாய் எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தாள் என்று இரண்டு நாள் விசாரித்தார்கள். அடுப்புப் புகை அவள் கண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று அறிய, அவள் சமைக்கையில் கணேசமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து தன் கண்ணில் வழிந்த நீரைச் சின்னக் குப்பியில் பிடித்தார். வெயில் ஒரே அளவில் பட வேண்டும் என்று, அவள் கொழுந்தெடுக்கையில் பின்னால் ஒரு பியூன் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நடந்தான். இந்தக் கூத்தைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நிலைமை மாறக்கூடாது என்பதால் அவளை முதல் நிரையிலிருந்து எடுக்கக்கூடாது என்று துரைக்குக் கடிதம் போயிற்று. கூடையைக் கவிழ்க்கவும் தடை. அவள் எடுக்கிற முற்றலையும் காம்பையும் தனிச் சாக்கில் கட்டி, சிவப்புத் துணி முடிந்து, மரியாதையோடு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கொண்டு போனார்கள். அரைக்கிறவர்கள் அதற்கு ஆராய்ச்சிக் கொழுந்து என்று பெயர் வைத்து, விறகுக் கட்டோடு அடுக்கினார்கள்.

மலையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பதினெட்டு வருடம் கைகாரி என்று பெயரெடுத்தவளுக்கு அந்தச் சிரிப்பு கூடைக் கனத்தைவிடக் கனத்தது.

"ஆடு, நல்லா ஆடு" என்றார் மாயாண்டிக் கங்காணி, பியூனுக்குக் கேட்காமல். "ஜீப்பு மலைய விட்டு எறங்குற அன்னிக்கு நீயும் நெரைய விட்டு எறங்கு."

ஆடி பிறந்த முதல் ஞாயிறு காளியாயி யாரிடமும் சொல்லாமல் டிக்கோயாவுக்கு பஸ் ஏறினாள். அங்கே மக்பூல் நானாவின் கடை. சேலை, சீப்பு, பூட்டு, சுருட்டு எல்லாம் இருக்கும். மூலையில் ஒரு தகரப் பெட்டியில் பழையதும் புதியதுமாகக் கண்ணாடிகள் கிடந்தன.

"வாங்க தங்கச்சி. கிட்டவா, தூரமா?" என்று கேட்டார் மக்பூல் நானா.

காளியாயி சுற்றும் முற்றும் பார்த்தாள். "பேரு எழுதணுங்களா?"

"எதுக்கு?"

"எங்க ஆத்தா எந்தப் பக்கம் பாத்து உக்காந்துச்சுன்னு சொல்லணுங்களா?"

மக்பூல் நானா ஓர் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தார். "எந்தக் கண்ணாடி போட்டா கோக்க வருதோ, அது ஒங்களோடது."

ஐந்தாவது கண்ணாடியில் நூல் உள்ளே போயிற்று. காளியாயி ஊசியைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த பெருவிரலைப் பார்த்தாள். அதில் சுழி சுழியாக, நிரை நிரையாக, மலையில் நீர் வடிய வெட்டிய கான் மாதிரி எத்தனை கோடு! இதையா இத்தனை பேர் பெருக்கல் போட்டுப் போட்டுக் கேட்கிறார்கள்? சும்மா கொடுக்கிற சாமான் இல்லை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தலைக்கொங்காணித் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு அதற்குள் கண்ணாடியைப் போட்டாள். பின்னால் குடை பிடிப்பவனுக்கு அவளுடைய முதுகுதான் ஆராய்ச்சி. முன்னால் பார்க்க அவனுக்கு உத்தரவு இல்லை. சிவப்புத் துணிச் சாக்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விழத் தொடங்கியது. ஸ்டோரில் அதை விறகோடு போட மனம் வராமல் திகைத்தார்கள்.

கொழுந்து நல்லதாகிவிட்டது என்ற செய்தி பணிப்பாளருக்குப் போயிற்று. அவருக்குத் துக்கம் தாளவில்லை. ஆனால் அவர் ஆராய்ச்சியாளர். தோல்வியையும் முடிவாக எழுதத் தெரிந்தவர். புரட்டாசியில், கொழும்பிலிருந்து இரண்டு பெரிய மனிதர்களை அழைத்துவந்து, பெரட்டுக்களத்தில் மேடை போட்டு, ஆய்வறிக்கை வாசிக்க நின்றார்.

அறிக்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். பிறகு கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். தோளைப் பின்னால் சாய்த்தார். முன்வரிசையில் இருந்த காளியாயி நிமிர்ந்தாள். அட, இவருக்கும் கை நீளம் போதவில்லை!

"கணேசமூர்த்தி, இதைக் கொஞ்சம் பிடியும்."

கணேசமூர்த்தி தாளைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். "இன்னும்" என்றார் பணிப்பாளர். எழுதுவினைஞர் மேடையை விட்டு இறங்கினார். "இன்னும், இன்னும்." கணேசமூர்த்தி தாளை உயர்த்திப் பிடித்தபடி களத்தைக் கடந்து, கொழுந்து நிறுக்கிற கொட்டகையைக் கடந்து, கடைசியில் கானுக்குள் இறங்கிவிட்டார். இப்போது மங்கல் இல்லை. எழுத்துத்தான் எறும்பளவு ஆகிவிட்டது. பெரிய மனிதர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

காளியாயிக்கு மனசு பொறுக்கவில்லை. மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து மேடைக்கு நீட்டினாள். "இத மாட்டிப் பாருங்க ஐயா."

பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிற பழக்கம் உண்டு. பணிப்பாளர் வாங்கி மாட்டினார். கானுக்குள்ளிருந்து தாள் திரும்பி வந்தது. அருவி மாதிரி வாசித்தார்.

"ஆகவே, தொடர்ந்து கவனிக்கப்பட்டதன் பயனாக மாத்திரமே குறை தானாக மறைந்தது. தோட்டத் தொழிலாளருக்குக் கண்ணாடி எவ்வகையிலும் தேவையில்லை என்பது இத்தால் ஐயமற நிறுவப்படுகிறது!"

கொழும்பு மனிதர்கள் கை தட்டினார்கள். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

ஜீப்புக்கு முன்னால் காளியாயி நின்றாள். அவளுக்குப் பின்னால் மாயாண்டிக் கங்காணி நின்றார், ஜீப்பு எப்போது இறங்கும் என்று பார்த்தபடி.

"கண்ணாடியக் குடுத்துட்டுப் போங்க ஐயா."

"எந்தக் கண்ணாடி? உனக்குத்தான் குறை மறைஞ்சிட்டுதே. இப்பதான் நிறுவினேன்."

"ஒங்க பையில இருக்கறதுங்க. அது இல்லாட்டி எனக்கு நெரை இல்லீங்க."

கூட்டம் நெருங்கியது. பெரிய மனிதர்கள் ஜீப்புக்குள்ளிருந்து தலையை நீட்டினார்கள். கணேசமூர்த்தி காதோடு சொன்னார்: "சேர், நிலையத்தின் கைக்கு வந்த பொருளை உங்கள் ஒப்பம் இல்லாமல் திருப்பிக் கொடுக்க விதி இல்லை. திருப்பிக் கொடுக்கிற படிவமும் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு படிவம்தான் மிச்சம்."

"ஏதோ ஒண்டைத் தாரும்! கெதியா!"

கணேசமூர்த்தி கோவையைப் பிரித்து, ஏழு மாதமாகக் காளியாயியின் பெருவிரலுக்காகக் காத்துக்கிடந்த தாளை எடுத்து, அதன் தலைப்பில் 'கண்ணாடி ஒன்று' என்று எழுதி ஜீப்பின் மூக்கில் வைத்தார். காளியாயி கையை நீட்டினாள்.

"மொதல்ல கண்ணாடி, அப்புறம் தாளுங்க."

கண்ணாடி கைக்கு வந்தது. போட்டுக்கொண்டாள். பணிப்பாளர் பேனாவைத் திறந்து தாளின்மேல் குனிந்தார், நிமிர்ந்தார், பின்வாங்கினார். தாள் முழுவதும் அவருக்குப் பாசி.

"எங்கே ஒப்பம் வைக்கிறது?" என்று முணுமுணுத்தார். கணேசமூர்த்தி இதற்குள் பெரிய மனிதர்களுக்குக் கதவைச் சாத்தப் போயிருந்தார்.

காளியாயி அந்தத் தாளைப் பார்த்தாள். எல்லாம் எழுத்து. எழுத்து அவளுக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று தெரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. பணிப்பாளரின் கையைப் பேனாவோடு பிடித்துக் கொண்டுபோய் அங்கே வைத்தாள்.

"இந்தா, இங்கனதாங்க. பெருக்கல் போட்டிருக்கு."

அவர் வைத்தார். ஜீப்பு இறங்கியது.

மாயாண்டிக் கங்காணி அன்று மத்தியானம் நிறுவையில் அவள் கூடையைத் தானே தூக்கிச் சாக்கில் கவிழ்த்தார். அடி வரை கிளறினார். ஒரு காம்பு கிடைக்கவில்லை. இன்னொரு தடவை கிளறினார். பிறகு, "மொத நெரைக்காரி எங்கடா நிக்கிறா, கூடைய எடுத்துக்கச் சொல்லு" என்று வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பேச்சியம்மா கூடையை எடுத்து அவள் முதுகில் மாட்டிவிட்டாள்.

ஐப்பசியில் கணேசமூர்த்தி தனியாக வந்தார். ஜீப்பு இல்லை, நடந்து வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். கொழும்பில் கோவைகளை யாரும் வாசிப்பதில்லை, ஒப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள் என்பதை ஆறாம் நம்பர் மலையில் நின்று விளக்கினார். பணிப்பாளரின் ஒப்பம் இருந்திருக்கிறது. ஆய்வுக்குரியவர் இடத்தில், மையால், தெளிவாக.

"ஐயாவுக்கு ஐந்து வருடம் கண்ணாடி இல்லை என்று உத்தரவு வந்துவிட்டது. நிலைமை மாறக்கூடாது என்று பதவி உயர்வையும் நிறுத்திவிட்டார்கள். சாப்பிடுகிறபோதுகூடப் பின்னால் ஒரு பியூன் குடையோடு நிற்கிறான். நாளைக்கு அவருடைய தாயாரை விசாரிக்கப் போகிறார்கள். நீ வந்து சொல்லம்மா, தெரியாமல் இடம் மாற்றிக் காட்டினேன் என்று. எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நீ ஒரு கைநாட்டு வைத்தால் போதும்."

தெரியாமல் காட்டினாளா என்று லயத்தில் அன்றைக்கே இரண்டு கட்சி. பேச்சியம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

காளியாயி தலைக்கொங்காணிக்குள்ளிருந்து கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மடித்து, மடியில் செருகிக்கொண்டாள். பிறகு தாளை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். இன்னும் தள்ளிப் பிடித்தாள்.

"இங்கேதான் வைக்க வேணும். பெருக்கல் போட்டிருக்கு, தெரியவில்லையா?" என்றார் கணேசமூர்த்தி.

"எனக்குத்தான் கிட்டத்துல ஒண்ணுந் தெரியாதுங்களே ஐயா. நீங்கதான கட்டம் கீறி எழுதிக்கிட்டீங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காளியாயி நிரைக்குள் இறங்கினாள்.